செல்லாக்காசுக் கண்டம்

பெரு நாட்டின் பழைய பத்து சோல் தாளில் கார்சிலாசோ என்ற எழுத்தாளரின் முகம் இருக்கும். தாய் இன்கா குலத்துப் பெண், தந்தை ஸ்பானியப் படைவீரர். தாளைக் கையில் வாங்கும் எவரும் முதலில் அந்த முகத்தைத்தான் பார்ப்பார்கள். நான் சொல்கிறேன், முகத்தை விடுங்கள். நடுவில் இருக்கும் அரசுச் சின்னத்தைப் பாருங்கள். பூதக்கண்ணாடி இருந்தால் இன்னும் விசேஷம். சின்னத்துக்குள் மூன்று கட்டம். ஒன்றில் விக்குன்யா என்ற மலை விலங்கு, கீழே பொற்காசு கொட்டும் கொம்பு, மற்றக் கட்டத்தில் ஒரு மரம். அந்த மரம் சிங்கோனா. கொய்னா மருந்து கொடுத்த மரம்!

எல்லயில் இருந்து பண்டாரவளை, வெலிமடை வழியாக நுவரெலியா பஸ்ஸில் போனால் ஊவாவின் எல்லை தாண்டியதும் ஹக்கல தாவரவியல் பூங்கா வரும். பூப் பார்க்க வருகிற கூட்டத்துக்குத் தெரியாது, 1861இல் அந்த இடத்தை வெள்ளைக்காரன் திறந்ததே இந்தச் சிங்கோனாவை வளர்த்துப் பார்க்கத்தான். அந்தீஸ் மலையில் இருந்து கிளெமென்ட்ஸ் மார்க்கமும் ரிச்சர்ட் ஸ்ப்ரூஸும் சேர்த்து அனுப்பிய விதையும் கன்றும் நீலகிரிக்கும் வந்தன, இலங்கைக்கும் வந்தன. கோப்பி செத்த பிறகு நம்முடைய மலைத் தோட்டத் துரைமார் இதைத்தான் நம்பி நட்டார்கள். எல்லாரும் ஒரே நேரத்தில் பட்டை உரித்து லண்டனுக்கு அனுப்ப, விலை விழுந்தது. அதற்குப் பிறகுதான் தேயிலை மலையெல்லாம் பரவியது. இவ்வளவு கதையும் பெருக்காரன் பையில் மடித்து வைத்திருந்த பத்து சோல் தாளில், நகத்தளவு சின்னத்துக்குள் இருக்கிறது. இதைக் கண்டுபிடித்த அன்று எனக்கு இரவு தூக்கமே இல்லை.

தென் அமெரிக்கப் பழைய காசுத்தாள் சேர்ப்பதைப் போல ஒரு சந்தோஷம் வேறு எதிலும் எனக்கு இதுவரை கிடைத்ததில்லை. முத்திரை சேர்த்துப் பார்த்தேன், நாணயமும் சேர்த்துப் பார்த்தேன். முத்திரை அழகு, ஆனால் சின்னது. நாணயம் கனம், ஆனால் பேசாது. தாள் பேசும். அதுவும் பிரேசில், பெரு, பொலிவியா, கயானா தாள்கள் ஊவா மலையில் பிறந்தவனிடம் கூடுதலாகவே பேசும்.

எங்களுடையது தோட்டத்துக் குடும்பம். லயத்தில் வளர்ந்து, இப்போது எல்ல டவுனுக்குச் சற்று மேலே சில அறைகளை வாடகைக்கு விட்டுப் பிழைக்கிறேன். அறுகம்பையில் அலைச்சறுக்கு முடித்துவிட்டு மலை பார்க்க வருகிற பிரேசில்காரரும் ஆர்ஜென்டினாக்காரரும் எங்கள் பக்கம் தங்குவார்கள். தெமோதரை ஒன்பது வளைவுப் பாலத்தில் ரயிலோடு படம் எடுத்துக்கொண்டு திரும்புவார்கள். போகும்போது சிலர் பையின் அடியில் கிடந்த ஊர்த்தாளை ஞாபகத்துக்கு வைத்துவிட்டுப் போவார்கள். என் சேகரிப்பின் வேர் அங்கேதான். பிறகு கொழும்பில் பழைய காசு விற்பவர்களைத் தேடிப் போனேன். தபாலில் வரவழைத்தேன். ஆல்பர்ட் பிக் என்ற ஜெர்மன்காரர் உலகத்துத் தாள்களுக்கெல்லாம் இலக்கம் போட்டுத் தொகுத்த பட்டியல் இருக்கிறது. சேகரிப்பவர்கள் உலகமெங்கும் அந்த இலக்கத்தைச் சொல்லித்தான் வாங்குவார்கள், விற்பார்கள். அதைப் பரீட்சைக்குப் படிப்பவன் மாதிரி படித்தேன்.

அம்மாவுக்கு இது பிடிக்கவே இல்லை. "செல்லாத காசை வாங்குறதுக்கு நல்ல காசு குடுக்குற ஆளு இந்த மலையிலேயே நீ ஒருத்தன்தான்டா" என்றார். "இல்லம்மா, இது மலிவு" என்றேன். "மலிவா இருந்தா மட்டும் செல்லுமா?" என்றார். அதற்குப் பதில் இல்லை. ஆனால் மலிவு என்பது உண்மை. மடிப்பே விழாத பிரேசில் தாள் ஒன்று, எல்ல டவுனில் ஒரு கொத்துரொட்டி விற்கிற விலைக்குள் அடங்கிவிடும். அந்த விலைக்கு ஒரு நாட்டின் சரித்திரம் வேறு எங்கே கிடைக்கும்?

பிரேசிலிலேயே தொடங்குகிறேன், ஏனென்றால் அங்கே நம்முடைய மடுல்சீமை இருக்கிறது. 1869இல் பதுளை மாவட்டத்து மடுல்சீமைப் பக்கத்துக் கோப்பித் தோட்டம் ஒன்றில் இலையின் அடியில் மஞ்சள் தூள் படிந்திருந்தது. ஹெமிலியா வாஸ்டாட்ரிக்ஸ் என்று அதற்குப் பெயர் வைத்தார்கள். ஒரு பூஞ்சணம், அவ்வளவுதான். பத்துப் பதினைந்து வருஷத்தில் இலங்கைக் கோப்பியைத் தின்று தீர்த்துவிட்டது. தோட்டங்களுக்குக் கடன் கொடுத்திருந்த ஓரியன்டல் வங்கி, வேறு இடங்களிலும் போட்ட பணம் முடங்கிக் கிடந்த நேரத்தில், 1884 மே மாதம் கதவை மூடியது. அந்தக் காலத்தில் நாட்டில் புழங்கிய தாளில் பெரும்பகுதி அந்த வங்கி அச்சிட்டது. ஒரே நாளில் சனத்தின் கையில் இருந்த தாள் வெறும் தாளாகிவிடும் நிலை. கவர்னர் ஆர்தர் கோர்டன் துணிந்து, அந்தத் தாள்களுக்கு அரசாங்கம் பொறுப்பு என்று அறிவித்தார். அதே வருஷம் 32ஆம் இலக்கக் கட்டளைச் சட்டம் வந்தது. 1885 முதல் இலங்கை அரசாங்கமே தன் பெயரில் தாள் வெளியிட ஆரம்பித்தது. யோசித்துப் பாருங்கள், இலங்கை அரசாங்கத்தின் காசுத்தாள் பிறந்ததில் பதுளை மாவட்டத்துப் பூஞ்சணத்துக்கு ஒரு பங்கு இருக்கிறது!

இனி பிரேசிலுக்கு வருவோம். நாம் விழுந்த பிறகு உலகச் சந்தையில் அவர்கள் கோப்பி இன்னும் உயர்ந்தது. 1970இல் அலோய்சியோ மகல்யாயிஸ் என்ற வடிவமைப்பாளர் வரைந்த புதிய குருசேரோ வரிசையில் ஐம்பது குருசேரோத் தாளை எடுத்துப் பின்பக்கம் திருப்புங்கள். கோப்பி மூட்டை ஏற்றும் காட்சி. கோப்பிதான் எங்கள் நாடு என்று நெஞ்சை நிமிர்த்திச் சொல்லும் தாள். வேடிக்கை என்னவென்றால் அதே 1970இல்தான், பாஹியா மாநிலத்தில், அந்த மடுல்சீமைப் பூஞ்சணம் பிரேசில் கோப்பியில் முதன்முதலாகக் கண்டுபிடிக்கப்பட்டது. நூற்றி ஒரு வருஷம் கழித்து நம்முடைய ஆள் அங்கே போய்ச் சேர்ந்திருக்கிறார். அந்தத் தாளை நான் மடுல்சீமையில் இருக்கும் ஒரு சிநேகிதனிடம் காட்டி இந்தக் கதையைச் சொன்னபோது அவன் தாளை முகர்ந்து பார்த்தான்.

பிரேசிலின் 1978 வரிசையும் தனி ரகம். சீட்டுக்கட்டு ராஜா மாதிரி, எப்படித் திருப்பிப் பிடித்தாலும் ஒரு தலை நிமிர்ந்திருக்கும். ஆயிரம் குருசேரோத் தாளில் ரியோ பிராங்கோ பிரபு இரண்டு தலையோடு இருப்பார். அந்தத் தாளுக்கே அங்கே 'பிரபு' என்று பெயர் வந்துவிட்டதாம்.

ஆனால் பிரேசிலின் உண்மையான ருசி முத்திரை குத்திய தாள்களில் இருக்கிறது. 1986இல் குருசேரோவைத் தூக்கிவிட்டு குருசாடோ கொண்டுவந்தார்கள். மூன்று சைபர் போயிற்று. 1989இல் புதிய குருசாடோ, இன்னும் மூன்று சைபர். 1990இல் மறுபடியும் குருசேரோ. 1993இல் குருசேரோ ரியால், இன்னும் மூன்று. 1994 ஜூலை முதலாம் திகதி ரியால். எட்டு வருஷத்தில் ஐந்து பெயர்! அச்சுக்கூடம் எப்படிச் சமாளிக்கும்? பழைய தாளிலேயே புதிய பெயரை முத்திரையாகக் குத்திவிட்டார்கள். 1986இல் வட்ட முத்திரை, 1989இல் முக்கோணம், 1990இல் செவ்வகம். அம்மைநோயையும் மஞ்சள் காய்ச்சலையும் எதிர்த்துப் போராடிய ஒஸ்வால்டோ குரூஸ் வைத்தியர் ஐம்பதாயிரம் குருசேரோவாக வந்தவர், நெற்றிக்குப் பக்கத்தில் ஒரு வட்டம் குத்தப்பட்டு ஐம்பது குருசாடோ ஆனார். நாவலாசிரியர் மசாடோ டி அஸ்ஸிஸ் ஆயிரமாக இருந்தவர், முக்கோணம் விழுந்ததும் வெறும் ஒன்று. இந்த மூன்று வடிவத்தையும் ஒரே பக்கத்தில் வரிசையாக வைத்துப் பார்க்கிற சுகத்தை எழுத்தில் சொல்லிவிட முடியாது. என் ஆல்பத்தில் அந்தப் பக்கம்தான் அதிகம் திருப்பப்பட்டு ஓரம் தளர்ந்திருக்கிறது.

சைபர்க் கதையில் பொலிவியா இன்னும் ஒரு படி மேல். 1984, 85இல் விலைவாசி ஓடிய ஓட்டத்துக்கு முறையான தாள் போதாமல், வங்கிக் காசோலை மாதிரி ஒரு தாள் அடித்தார்கள். அதில் மிகப் பெரியது ஒரு கோடி பெசோ. 1987இல் பத்து லட்சம் பெசோ ஒரு பொலிவியானோ என்று மாற்றியதும், அந்தக் கோடிப் பெசோத் தாளின் பெறுமதி பத்து ஆகிவிட்டது. பெருவில் ஐம்பது லட்சம் இன்டி வரை போனார்கள். 1991இல் அது ஐந்து புதிய சோல். வெனிசுவேலா எல்லாரையும் தோற்கடித்தது: 2008இல் மூன்று சைபர், 2018இல் ஐந்து, 2021இல் ஆறு. கொலம்பியா எல்லையில் கூக்குத்தா என்ற ஊரில், வெனிசுவேலாவில் இருந்து வெளியேறி வந்தவர்கள் அந்தத் தாள்களை மடித்துப் பின்னிக் கைப்பை செய்து விற்றார்கள். காசை வைக்கிற பையைக் காசிலேயே செய்தார்கள்.

இதையெல்லாம் சிரித்துக்கொண்டு சேர்த்தவன்தான் நான், 2022 வரும்வரை. அந்த வருஷம் எரிவாயு வரிசையிலும் பெற்றோல் வரிசையிலும் நின்றோம். செப்டம்பரில் கொழும்பு விலைச்சுட்டியின்படி பணவீக்கம் எழுபது சதவீதத்தை ஒட்டியது. எல்லயில் ஒரு அறையும் நிரம்பவில்லை. அந்த மாதங்களில் ஆல்பத்தை எடுத்து வைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பேன். பொலிவியக் கோடியைப் பார்க்கும்போது அந்த ஊர்ப் பெண் ஒருத்தி அதைச் சந்தைக்கு எடுத்துப் போய் என்ன வாங்கியிருப்பாள் என்றுதான் மனம் கணக்குப் போடும். அதற்கு முன்னால் அந்தக் கேள்வி எனக்கு வந்ததே இல்லை.

பராகுவேயை மட்டும் மறந்துவிடக் கூடாது. 1943இல் குவாரனி என்று பெயர் வைத்தார்கள், இன்றுவரை அதே பெயர், ஒரு சைபரும் வெட்டவில்லை. சேகரிப்பவனுக்கு இதனால் கொஞ்சம் சலிப்பு. வீட்டுக்காரனாக யோசித்தால் பொறாமை.

கையில் தொட்டுப் பார்க்கிற சுகத்தைச் சொல்லாமல் விட்டால் பாவம். அமெரிக்கன் பேங்க் நோட் கம்பெனி, வாட்டர்லோ, பிராட்பரி வில்கின்சன், டி லா ரூ, இந்தப் பெரிய அச்சகங்கள்தான் தென் அமெரிக்காவின் பழைய தாள்களில் பெரும்பாலானவற்றை அடித்துக் கொடுத்தன. உருக்குத் தகட்டில் கையால் கோடு செதுக்கி, அந்தக் கோட்டுக்குள் மை நிரப்பி, பெரும் அழுத்தத்தில் தாளில் ஏற்றுகிற முறை. மை தாளின் மேல் மேடாக நிற்கும். கண்ணை மூடிக்கொண்டு விரலை ஓட்டினால் முகத்தின் தாடியும் கோட்டின் பித்தானும் தட்டுப்படும். பராகுவேயின் 1952ஆம் ஆண்டுச் சட்டத் தாள்களை அடித்த அதே டி லா ரூ, இன்றைக்குப் பியகமவில் இருந்து நம் ரூபாய்த் தாளை அடிக்கிறது. இப்போதைய பிளாஸ்டிக் தாள்கள் மீது எனக்குப் பெரிய ஆசை இல்லை. ஆர்ஜென்டினா 2016இல் தொடங்கிய மிருக வரிசை கடதாசிதான், சிறுத்தையும் திமிங்கிலமும் நல்ல அழகு. குழந்தைகள் விரும்புவார்கள்.

எங்கள் ஊரில் இந்தப் பைத்தியத்துக்கு ஒரு எதிரி உண்டு, ஈரம். ஒக்டோபரில் மழை பிடித்தால் தை மாதம் வரை எல்லயில் மேகம் அறைக்குள்ளேயே வந்து உட்காரும். தாளில் காவிப் புள்ளி விழும், வெள்ளிப்பூச்சி ஓரத்தை அரிக்கும். அதனால் சொல்கிறேன், கடையில் விற்கிற பி.வி.சி. உறையை வாங்காதீர்கள். அதில் இருந்து கசிகிற எண்ணெய்த்தன்மை சில வருஷத்தில் மையோடு ஒட்டிக்கொள்ளும். மைலர் உறை கொஞ்சம் விலை, ஆனால் அதுதான் சரி. சப்பாத்துப் பெட்டியில் வருகிற சிலிக்கா பொட்டலங்களை நான் வீசுவதே இல்லை. ஆடி, ஆவணியில் கச்சான் காற்று அடித்துத் தேயிலைக்கு அந்தப் பேர்பெற்ற ஊவா வாசனை ஏறுகிற காலம் இருக்கிறதே, ஆல்பத்தைத் திறந்து நிழலில் காற்றாட வைக்க அதுவே நேரம். தாளைக் கழுவாதீர்கள், இஸ்திரி போடாதீர்கள். மடிப்பு இருந்தால் இருக்கட்டும். யாரோ ஒருவர் மடித்ததுதானே?

கவிஞர்களைத் தாளில் போட்ட நாடுகளைப் பற்றி ஒரு வார்த்தை. பெருவின் பத்தாயிரம் இன்டியில் செசார் வயேஹோ. சிலியின் ஐயாயிரம் பெசோவில், 1945இல் நோபல் வாங்கிய கபிரியேலா மிஸ்திரால். பிரேசிலின் ஐம்பது புதிய குருசாடோவில் திருமோந்த் டி அந்திராடே, நூறில் செசிலியா மெய்ரேலெஸ். வறுமையில் கிடந்த வயேஹோவுக்கு வாழ்க்கையில் கிடைக்காத பணம் அவர் முகத்தைப் போட்டு அச்சானது, அதுவும் பெறுமதி கரைந்துகொண்டிருந்த தாளில். கவிஞனுக்கு இதைவிடப் பொருத்தமான தாள் எந்த அரசாங்கத்தாலும் திட்டமிட்டு அச்சிட முடியாது!

இனி எனக்கு எல்லாவற்றையும்விட நெருக்கமானது. கயானாவின் ஐந்து டொலர். 1966இல் நாடு சுதந்திரம் அடைந்த காலத்துத் தாள். முன்பக்கம் கையெட்டூர் நீர்வீழ்ச்சி. மனித முகம் ஒன்றும் கிடையாது. வெளிச்சத்தில் பிடித்தால் நீர்க்குறியில் ஒரு பஞ்சவர்ணக் கிளியின் தலை தெரியும். பின்பக்கம் கரும்பு வெட்டுகிறார்கள்.

அந்தக் கரும்பை வெட்டியவர்கள் யார்? கல்கத்தாவில் இருந்து போனவர்கள்தான் அதிகம். ஆனால் 1845 முதல் சென்னைத் துறைமுகத்தில் இருந்தும் கப்பல் போனது. எங்கள் முன்னோர் மன்னாரில் இறங்கிக் காட்டுவழியில் நடந்து கோப்பித் தோட்டத்துக்கு வந்துகொண்டிருந்த அதே காலம். ஒரே பஞ்சம், ஒரே மாதிரி ஆள்கட்டும் ஆட்கள், ஒரே மாதிரி வாக்குறுதி. ஒருவன் மன்னாருக்குத் தோணி ஏறினான், அடுத்த வீட்டுக்காரன் கயானாவின் டெமராராவுக்குக் கப்பல் ஏறினான். கயானாவில் அவர்களை இன்றும் மதராசிகள் என்கிறார்கள். தமிழ் பேச்சுமொழியாக நிற்கவில்லை. மாரியம்மன் வழிபாடு நின்றது, மேளமும் வேப்பிலையும் சாமியாட்டமுமாக. பெயர்களும் நின்றன. 2015 முதல் 2020 வரை அங்கே பிரதமராக இருந்தவர் மோசஸ் நாகமுத்து. பெர்பிஸில் இருந்து மேற்கிந்தியத் தீவு அணிக்குப் பந்து வீச வந்த சுழற்பந்து வீச்சாளர் வீராசாமி பெருமாள். கிரிக்கெட் பார்த்துக்கொண்டிருக்கும்போது அந்தப் பெயர் திரையில் வந்தால் எங்கள் லயத்தில் கைதட்டுவார்கள்.

அந்த ஐந்து டொலரின் பக்கத்தில் நான் வைத்திருப்பது நம்முடைய 1991ஆம் ஆண்டு வரிசை நூறு ரூபாய். இதன் பின்பக்கத்தில் கொழுந்து பறிக்கும் பெண்கள். என் சேகரிப்பில் தென் அமெரிக்கா இல்லாத ஒரே தாள் இதுதான், எடுக்கவும் மாட்டேன். இரண்டு தாளிலும் வேலை செய்பவர்களுக்குப் பெயர் இல்லை. அம்மா இந்தப் பக்கத்தை மட்டும் நின்று பார்த்தார். "கூடையைக் கட்டியிருக்கிற விதம் சரியாத்தான் போட்டிருக்கான்" என்றார். தாள் செல்லுமா செல்லாதா என்று அன்றைக்குக் கேட்கவில்லை.

மலையகத்துக்குச் சொந்தமாக ஒரு காகிதப் பணம் இருந்தது என்றும் சொல்வேன். துண்டு. கங்காணியும் அவன் ஆட்களும் தோட்டத்துக்கு எவ்வளவு கடன் என்று துரை எழுதிக் கொடுக்கும் சீட்டு. அடுத்த தோட்டத்துத் துரை அந்தத் தொகையைக் கட்டினால் ஆட்கள் அங்கே போகலாம். கையில் இருந்து கைக்கு மாறும், பெறுமதி எழுதியிருக்கும், கையொப்பம் இருக்கும், காசுத்தாளுக்கு வேறென்ன இலக்கணம்? 1921இல் சட்டம் போட்டு அதைத் தடை செய்தார்கள். அசல் துண்டு ஒன்றைக் கண்ணால் கண்டால் போதும் எனக்கு. பசறை, லுணுகலை, நமுனுகுலைப் பக்கம் பழைய பெட்டி திறக்கிற வீடு எதுவாக இருந்தாலும் போய்விடுவேன். சீட்டு அம்பிட்டதில்லை, பிளேன்டீ கட்டாயம் கிடைக்கும்.

இப்போது என் கண் முழுதும் ஒரே தாளின் மேல். சுதந்திரத்துக்கு முந்திய பிரிட்டிஷ் கயானாவின் ஒரு டொலர், ஆறாம் ஜோர்ஜ் காலத்துச் சிவப்புத் தாள். வலப்பக்கம் ராஜா, நடுவில் கையெட்டூர் நீர்வீழ்ச்சி, இடப்பக்கம் பெரிய சொண்டோடு டூக்கான் பறவை. கரும்புத் தோட்டத்தில் கூலி வாங்கிய கைகளில் புழங்கியது. அதனால் நல்ல நிலையில் கிடைப்பது அபூர்வம், கிடைத்தாலும் விலை பயங்கரம். எனக்கு நல்ல நிலை வேண்டாம். கசங்கி, நாலாக மடிந்து, ஓரம் கிழிந்தது போதும். டொரொண்டோவில் ஒரு கயானாக்காரரிடம் அப்படி ஒன்று இருக்கிறது. விலை பேசிக்கொண்டிருக்கிறேன். மனிதர் இறங்குவதாக இல்லை. பதிலுக்கு ஊவா பி.ஓ.பி. தேயிலை இரண்டு கிலோ சேர்த்துத் தருகிறேன் என்று நேற்று எழுதியிருக்கிறேன்.